அசையும் சட்டகம் அல்ல, எடுப்புச் சட்டம்

போன மாதம் தேனீ வளர்ப்புப் பயிற்சித் தாள் ஒன்றில் மறுபடியும் "அசையும் சட்டகத் தேன்கூடு" என்று பார்த்தேன். தேனீ அடை கட்டுவதற்காகப் பெட்டிக்குள் வைக்கிற மரச்சட்டத்தை ஆங்கிலத்தில் 'மூவபிள் பிரேம்' என்பார்கள், அதைத்தான் அப்படி மொழிபெயர்த்திருக்கிறார்கள். பல வருடமாகக் கண்ணில் படுகிற சொல்தான், ஒவ்வொரு தடவையும் முணுமுணுத்துவிட்டு விட்டுவிடுவேன். இந்தத் தடவை விட முடியவில்லை, ஏனென்றால் அந்தத் தாளை நம்பி எங்கள் சித்தப்பா ஒரு நல்ல தேனீக் குடும்பத்தையே இழந்துவிட்டார்.

சித்தப்பாவுக்கு அழகர்கோவில் பக்கம் மாந்தோப்பு. பூப்பிடிக்கிற நேரத்துக்குத் தேனீ இருந்தால் காய்ப்பு கூடும் என்று இரண்டு பெட்டி வாங்கி வைத்தார். கையில் கொடுத்த தாளில் "அசையும் சட்டகங்களுக்கிடையே தேனீ வெளி விடப்பட வேண்டும்" என்று இருந்தது. எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. அசைய வேண்டும் என்றால் இடம் வேண்டும், வெளி என்றால் தாராளம், இப்படித்தான் யாரும் புரிந்துகொள்வார்கள். ஏழு சட்டம் நிற்க வேண்டிய பெட்டியில் ஐந்தை மட்டும் போட்டு, நடுவில் இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு இடம் விட்டுவிட்டார். தேனீ சும்மா இருக்குமா? காலியாகக் கிடந்த இடத்தில் எல்லாம் குறுக்கடை கட்டி, ஒரு சட்டத்தை இன்னொன்றோடு ஒட்டவைத்துவிட்டது. முதல் தடவை சட்டத்தைத் தூக்கியதுமே அடை கிழிந்து, புழுவும் தேனும் அடிப்பலகையில் கொட்டி, ராணி எங்கே போனது என்றே தெரியவில்லை. கொஞ்ச நாளில் பெட்டி காலி. "ஏம்ப்பா, அசையணும்னுதானப்பா அதுல போட்டிருந்துச்சு" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. தப்பு அவருடையது இல்லை, சொல்லுடையது.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'பிரேம்' என்ற சொல் பழைய காலத்தில் முன்னேறுதல், பயன்படுதல் என்ற பொருளில் இருந்து, அப்புறம் வீடு கட்ட மரத்தைச் செதுக்கித் தயார் செய்வதைக் குறித்து, கடைசியில் அப்படிக் கோத்த மரக்கூட்டையே குறிக்க வந்தது. மரவேலையில் பிறந்து வளர்ந்த சொல். நம் ஊர் ஆசாரியின் 'சட்டம்' என்பதும் அப்படித்தான். அறுத்து இழைத்த நீள மரம் சட்டம், அதை நான்கு பக்கமும் கோத்தால் அதுவும் சட்டம். சன்னல் சட்டம், கதவுச் சட்டம், சாமி படத்துக்குப் போடும் சட்டம் என்று வீட்டுக்குள் திரும்பிய பக்கமெல்லாம் இருக்கிற சொல். தேன்பெட்டிக்குள் இருப்பதும் மேல்கட்டை, இரண்டு பக்கக்கட்டை, அடிக்கட்டை என்று நான்கு குச்சி கோத்த படச்சட்டம்தான், படத்துக்குப் பதிலாக அடை. பெட்டி வைத்திருப்பவர்கள் 'சட்டம்' என்பார்கள், இல்லாவிட்டால் 'பிரேம்' என்பார்கள். 'சட்டகம்' என்று சொல்லி நான் ஒருவரையும் கேட்டதில்லை.

சட்டகம் கெட்ட சொல் என்று நான் சொல்லவில்லை. பழைய சொல், உடல், வடிவம், படுக்கை என்றெல்லாம் அகராதிகளில் பொருள் உண்டு. இன்றைக்கு அது கோட்பாட்டுச் சட்டகம், ஆய்வுச் சட்டகம் என்று கட்டுரைகளில் குடியேறிவிட்டது, அங்கே இருக்கட்டும், அந்த வேலையை அது நன்றாகவே செய்கிறது. ஆனால் கையால் தொட்டுத் தூக்குகிற நான்கு குச்சியை எதற்காக அந்த உயரத்துக்கு ஏற்ற வேண்டும்? சிலர் இன்னும் ஒரு படி மேலே போய் 'கட்டமைப்பு' என்று எழுதுகிறார்கள். "கட்டமைப்பை வெளியே எடுத்துப் பார்க்கவும்" என்றால் பெட்டியையே பிரிக்கச் சொல்கிறார்களா என்றுதான் தோன்றும்.

இதற்கு மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லும் காரணம் எனக்குத் தெரியும். சட்டம் என்றால் கோர்ட்டுச் சட்டம் என்று வாசகர் குழம்பிவிடுவாராம். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆறு என்றால் எண்ணும்தான், வைகையும்தான். "ஆற்றில் தண்ணீர் வருகிறது" என்று படித்துவிட்டு யாரும் எண்ணைத் தேடுவதில்லை. "சட்டத்தில் ஒட்டிய மெழுகைச் சுரண்டி எடு" என்ற வரியில் எந்த விவசாயி குழம்பப் போகிறார்? பல பொருள் ஒரு சொல் என்பது தமிழுக்குக் குறை இல்லை, அப்படித்தான் நாம் பேசி வருகிறோம்.

ஆனாலும் சட்டகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். 'அசையும்' என்ற அடைமொழியைத்தான் பொறுக்கவே முடியவில்லை, அது பொருளையே தலைகீழாகத் திருப்பிவிடுகிறது. எங்கிருந்து வந்தது என்பது தெளிவு: பத்திரத்தில் வரும் அசையும் சொத்து, அசையாச் சொத்து. அங்கே பார்த்ததை இங்கே ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் இந்தக் கண்டுபிடிப்பின் உயிரே வேறு இடத்தில் இருக்கிறது. லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கப் பாதிரியார் 1851-ல் கண்டுகொண்டதும் 1852-ல் காப்புரிமை வாங்கியதும் சட்டம் அசைவதற்காக அல்ல. அதற்கு முன்பே சட்டங்கள் இருந்தன, உக்ரைனில் புரோகோபோவிச் 1814-லேயே சட்டம் வைத்த பெட்டி செய்துவிட்டார். தொல்லை என்னவென்றால் தேனீ எல்லாவற்றையும் சுவரோடு ஒட்டிவிடும், அறுக்காமல் எடுக்க முடியாது. சட்டத்துக்கும் சுவருக்கும், சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவில் ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் இடம் விட்டால் தேனீ அதை நடைபாதையாக விட்டுவிடும், அடையும் கட்டாது, பிசினும் பூசாது என்பதைப் பெட்டிக்குள் நாலு பக்கமும் கொண்டுவந்ததுதான் லாங்ஸ்ட்ராத்தின் சாதனை. அதனால் சட்டத்தை அறுக்காமல் எடுக்கலாம், பார்க்கலாம், திரும்ப அதே இடத்தில் வைக்கலாம். எடுப்பதும் வைப்பதும்தான் விஷயம், அசைவது இல்லை.

அசையவே கூடாது என்பதற்காகத்தான் பின்னால் வந்தவர்கள் பாடுபட்டார்கள். ஹாஃப்மன் சட்டம் என்று ஒன்று உண்டு, பக்கக்கட்டையின் மேல்பகுதியை மட்டும் அகலமாகச் செய்வது. சட்டங்களை நெருக்கி வைத்தால் அந்த அகலப் பகுதிகள் ஒன்றோடொன்று முட்டி நிற்கும், கீழே தேனீ போகிற இடம் தானாகக் கிடைக்கும், பெட்டியைத் தூக்கி வேறு தோப்புக்குக் கொண்டுபோனாலும் சட்டம் ஆடாது, தேனீ நசுங்காது. ஐரோப்பியத் தேனீக்கு ஓர் அடையின் நடுவிலிருந்து அடுத்த அடையின் நடு வரை ஏறக்குறைய 35 மில்லிமீட்டர் வருகிற மாதிரி அந்த அகலம். நம் பொந்துத் தேனீ சின்னது, அதற்கு இன்னும் குறைவாக இருக்க வேண்டும். அதனால்தான் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களின் தொடக்கத்தில் வெளிநாட்டுப் பெட்டியை அப்படியே இறக்காமல், நம் தேனீயின் அளவுக்குச் சின்னப் பெட்டி செய்தார். இன்றும் நம் பக்கத்தில் நியூட்டன் பெட்டி என்றால் தெரியாத தேனீக்காரர் இல்லை. அதில் புழு வளர்கிற கீழ் அறையான புழு அறையில் ஏழு சட்டம். இத்தனை பேர் மெனக்கெட்டு ஆடாமல் நிறுத்திய சட்டத்துக்கு 'அசையும்' என்று பெயர் வைப்பது அநியாயம்.

என் யோசனை 'எடுப்புச் சட்டம்'. எடுப்புச் சாப்பாடு என்று மதுரையில் எத்தனை மெஸ் வாசலில் எழுதியிருக்கிறது, எடுத்துக்கொண்டு போகிற சாப்பாடு என்று சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதே மாதிரி எடுத்துப் பார்த்துத் திரும்ப வைக்கிற சட்டம், எடுப்புச் சட்டம். முழுப் பெயர் வேண்டுமென்றால் 'எடுப்புச் சட்டத் தேன்பெட்டி'. 'கழல்சட்டம்' என்று நண்பர் ஒருவர் சொன்னார். கழன்று விழுந்துவிடும் என்ற பயத்தைக் கிளப்புகிறது, அதனால் எனக்குப் பிடிக்கவில்லை.

இன்னொரு பக்கம் தூய தமிழ் என்று சொல்லி அடைக்குப் பதிலாக 'இறால்' என்று எழுத வேண்டும் என்பவர்களும் உண்டு. சங்கப் பாட்டில் தேனடைக்கு இறால் என்றுதான் பெயர், எனக்கும் அந்தச் சொல் மேல் ஆசைதான். நம் பக்கத்துப் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்புமலை என்கிறார்கள், உழாமலே விளையும் நான்கில் ஒன்றாகத் தேனைப் புறநானூறு அந்த மலைக்குச் சொல்லும். ஆனால் இன்று இறால் என்றால் மீன் கடைக்குப் போய்விடுவார்கள். அடையும் தமிழ்தான், உயிரோடு இருக்கிற தமிழ்.

இதே தாளில் தேன் அறையை 'மேன்மை அறை' என்று எழுதியிருந்தார்கள். ஆங்கிலத்தில் 'சூப்பர்' என்பார்கள், லத்தீனில் அதற்கு 'மேலே' என்றுதான் பொருள், புழு அறைக்கு மேலே வைப்பதால் வந்த பெயர். சினிமா பார்த்து 'சூப்பர்' என்கிறோமே, அந்த அர்த்தத்தைப் போட்டிருக்கிறார்கள். தேன் அறை என்ற நல்ல சொல் எல்லார் வாயிலும் இருக்கிறது. ஒரே ஒரு தேனீக்காரரிடமோ பெட்டி செய்கிற ஆசாரியிடமோ போய், இதை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். அகராதியைத் திறக்கிற நேரத்தில் ஒரு பட்டறை வாசலில் நிற்க இவர்களுக்கு ஏன் மனம் வரவில்லை என்பதுதான் என் வருத்தம்.

தேனீ நடந்து போய்வர விடுகிற அந்தச் சின்ன இடத்துக்கு வைத்த 'தேனீ வெளி' என்ற பெயரையும் மாற்ற வேண்டும். வெளி என்றதும் மைதானம் மாதிரி மனதில் விரிகிறது. 'தேனீ நடைவழி' என்றால் ஒரு தேனீ போய்வருகிற அளவு என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். சித்தப்பாவின் தாளில் அந்த ஒரு வரியை நான் இப்படித் திருத்திக் கொடுத்திருக்கிறேன்: "ஏழு எடுப்புச் சட்டங்களையும் பக்கக்கட்டைகள் முட்டும்படி நெருக்கி வையுங்கள். தேனீ நடைவழி தானாக அமையும்." அடுத்த பூவுக்கு மறுபடியும் பெட்டி வாங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.