தூண்டில் முள்ளைப் பிடுங்காதீர்கள்

மறுபடியும் அதே கதை. படகுக்குப் பின்னால் ஃப்ளையை, அதாவது முள்ளில் இறகு கட்டிய போலி இரையை, இழுத்துக்கொண்டு ஏரியில் ட்ரோலிங் போனவர். மாட்டிய மீனைக் கையில் பிடித்து முள்ளைக் கழற்றும்போது அது துள்ள, ஃப்ளையின் பின்முள் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அப்படியே எங்கள் அவசரப் பிரிவுக்கு வந்திருந்தால் சின்ன வேலை. ஆனால் கூட வந்தவர் ஏதோ வீடியோவில் பார்த்தபடி நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்திருக்கிறார். விரலில் இருந்த முள் வந்துவிட்டது. அதோடு பறந்த முன்முள் இழுத்தவரின் கீழிமையில் தைத்தது. விழி தப்பியது அதிர்ஷ்டம்.

ட்ரோலிங் ஃப்ளைகள் பலவற்றில் முள் ஒன்றல்ல, இரண்டு. வாலை மட்டும் கவ்வும் மீனும் மாட்டட்டும் என்று, முன்முள்ளுக்குப் பின்னால் மெல்லிய கம்பியில் இன்னொன்றைக் கட்டியிருப்பார்கள். நீள இறகுகளுக்குள் அது கண்ணுக்கே தெரியாது. மீன் ஒன்றில் தொங்கும்போது மற்றது சும்மா ஆடிக்கொண்டிருக்கும்.

"போன வழியே இழுத்தால் வந்துவிடும், டாக்டர்." எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள்! வராது. நுனிக்குச் சற்றுக் கீழே பின்னோக்கி நிற்கும் கூர் எதற்காக இருக்கிறது? மீனின் வாயிலிருந்து முள் கழன்றுவிடக் கூடாது என்பதற்காகத்தான். உங்கள் விரலிலும் அது அதே வேலையைத்தான் செய்யும். இழுக்க இழுக்கச் சதையைக் கிழிக்கும். நரம்பும் தசைநாணும் பக்கத்திலேயே இருக்கின்றன. நூல் போட்டு இழுக்கும் முறை பொய்யல்ல. 1961இலேயே ஆஸ்திரேலிய மருத்துவ இதழில் வந்தது, நாங்களும் செய்கிறோம். ஆனால் முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திக் கூரை விடுவித்த பிறகுதான் இழுப்போம். இரட்டை முள்ளானால் மற்றதை முதலில் வெட்டி எடுத்துவிடுவோம். கண்ணருகிலும் காது மடலிலும் இந்த முறையைத் தொடவே மாட்டோம். ஆழமாக ஏறியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு, நுனியை வெளியே தள்ளி, கூரை வெட்டிவிட்டு எடுப்போம்.

படகில் நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் எஞ்சினை நியூட்ரலில் போடுங்கள். மெதுவாக ஓடும் படகும் நூலை இழுத்து முள்ளை ஆழமாக்கும். நூலை வெட்டுங்கள். மீன் இன்னும் தொங்கினால் இரண்டு முள்ளுக்கும் இடையிலுள்ள கம்பியை வெட்டி அதையும் பிரித்துவிடுங்கள். ஆடும் முள்ளைத் துணியால் சுற்றிக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள்.

கண்ணில் தைத்திருந்தால் தயவுசெய்து தொடாதீர்கள், அழுத்திக் கட்டாதீர்கள். காகிதக் கோப்பையைக் கவிழ்த்து மேலே ஒட்டி, உட்கார வைத்தே கூட்டி வாருங்கள். அறுவை சிகிச்சை தேவைப்படலாம். தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்.

முள் வந்துவிட்டது என்று சும்மா இருந்துவிடாதீர்கள். கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு ஐந்து வருடம் தாண்டியிருந்தால் மறுபடி போட வேண்டும். நன்னீரில் ஏரோமோனாஸ் என்றொரு கிருமி உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினுக்கு அது மசியாது. சிவப்பு பரவினால், வீங்கினால், காய்ச்சல் வந்தால் அன்றே வாருங்கள். சர்க்கரை நோயும் கல்லீரல் நோயும் உள்ளவர்கள் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

கரையிலேயே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். மூக்குக் குறடால் இரண்டு முள்ளிலும் பின்னோக்கி நிற்கும் கூரை நசுக்கித் தட்டையாக்குங்கள். நூலைத் தொய்யவிடாமல் பிடித்தால் மீன் நழுவாது. கையில் ஏறினாலும் சுலபமாக வந்துவிடும். மீனை எடுக்க வலை, முள்ளைக் கழற்றக் குறடு, கண்ணுக்குக் கண்ணாடி. குழந்தைகள் படகில் இருந்தால் அவர்களுக்கும் கண்ணாடி.