வியர்வைக்கும் பயிற்சி வேண்டும்

ஆகஸ்ட் தொடக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து முகாம்கள் தொடங்கும். நாம் காலால் உதைக்கும் ஆட்டம் அல்ல இது. நீள்வட்டப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு, கவசங்களோடு முட்டி மோதும் ஆட்டம். முதல் போட்டிக்கு ஏறக்குறைய நான்கு வாரம்தான் இருக்கும். ஆனாலும் முதல் இரண்டு நாள் வீரர்களின் தலையில் ஹெல்மெட் மட்டும்தான் இருக்கும். தோள் கவசம் மூன்றாம் நாள்தான் வரும், முழுக் கவசம் அதற்கும் பிறகு. கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ 2003-இல் கொண்டுவந்த முறை இது. ஒரே நாளில் இரண்டு முறை பயிற்சி எடுக்கும் பழைய வழக்கத்தையும் 2017-இல் நிறுத்திவிட்டார்கள்.

ஏன் இந்த நிதானம்? ஓடும்போது தசை செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் அசைவாக மாறுவதில்லை, மீதியெல்லாம் வெப்பம். அதை வெளியேற்ற வெயில் நேரத்தில் உடம்புக்கு இருக்கும் ஒரே நல்ல வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பம் போய்விடும். எட்டு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம், அவ்வளவு வெப்பம்! ஆனால் ஆவியானால்தான் பலன், சொட்டிக் கீழே விழுந்தால் வீண். மழைக்காலத்தில் மண்பானைத் தண்ணீர் சில்லென்று ஆகாதே, அதே கதைதான். ஃபுளோரிடா மாதிரிப் புழுக்கமான இடத்தில் கவசமும் சேர்ந்துகொண்டால் வியர்வைக்குப் போக்கிடம் இல்லை. முன்வரிசையில் நிற்கும் 135 கிலோ வீரருக்கு இன்னும் கஷ்டம்: எடைக்கு ஏற்ற தோல் பரப்பு அவருக்கு இல்லை. வெப்பத்தில் உயிரிழந்த கால்பந்து வீரர்களில் முன்வரிசைக்காரர்கள்தான் அதிகம்.

உடம்பு இதற்குப் பழகும் விதம்தான் எனக்குப் பெரிய அதிசயம். முதல் நான்கைந்து நாளில் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா கூடுகிறது. தசைக்கும் தோலுக்கும் ஒரே நேரத்தில் ரத்தம் அனுப்பத் திணறிய இதயம், அதே வேலையைக் குறைந்த துடிப்பில் செய்யத் தொடங்குகிறது. அப்புறம் வியர்வைச் சுரப்பிகளின் முறை. சீக்கிரமே சுரக்கின்றன, நிறையவும் சுரக்கின்றன. அதோடு, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் வியர்வையோடு போகும் உப்பைப் பிடித்துவைக்கிறது. முதல் நாள் பயிற்சி முடிந்து காயும் கறுப்பு பனியனில் வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு தெரியும். இரண்டு வாரம் போனால் அந்தக் கோடு மங்கிவிடும். இது முழுதாக நடந்து முடிய 10 முதல் 14 நாள் ஆகும். எவ்வளவு திறமையான வீரராக இருந்தாலும் இந்த நாட்களைத் தாண்டிக் குதிக்க முடியாது.

உப்பும் நீரும் எவ்வளவு போகிறது என்ற கேள்வியே ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில்தான் பெரிதாக எழுந்தது. ஆட்டம் முடிந்தும் வீரர்கள் ஏன் சிறுநீர் கழிப்பதே இல்லை என்று 1965-இல் துணைப் பயிற்சியாளர் ஒருவர் கேட்டார். சிறுநீரக மருத்துவர் ராபர்ட் கேட் தன் குழுவோடு அதை ஆராய்ந்து, தண்ணீர், உப்பு, சர்க்கரை கலந்து ஒரு பானம் தயாரித்தார். அணியின் பெயர் கேட்டர்ஸ், அதனால் பானம் கேட்டரேட் ஆனது. இன்றும் பயிற்சிக்கு முன்னும் பின்னும் வீரர்களை எடை பார்க்கிறார்கள். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு.

வெயிலை அளக்கவும் சாதாரண வெப்பமானி போதாது. குமிழில் ஈரத்திரி சுற்றிய வெப்பமானி ஒன்று, கறுப்புக் கோளத்துக்குள் ஒன்று, நிழலில் ஒன்று என மூன்று அளவுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். கணக்கில் 70 சதவீதப் பங்கு ஈரக்குமிழுக்குத்தான், புழுக்கம் அவ்வளவு முக்கியம். அமெரிக்க ராணுவப் பயிற்சியில் வீரர்கள் வெப்பத்தால் சுருண்டு விழுந்ததால் 1950-களில் பிறந்த முறை இது.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் தடுமாறி, குழறிப் பேசி, உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால்? 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் 19 வயது வீரர் ஜோர்டன் மெக்னேர் பயிற்சியில் சரிந்து, இரண்டு வாரம் கழித்து இறந்துபோனார். அவரைக் குளிர்ந்த நீரில் இறக்கவில்லை என்று பின்னர் நடந்த விசாரணை சொன்னது. மனதை விட்டு அகலாத தகவல் இது, ஏனென்றால் அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்துவிட்டால் அநேகமாக எல்லோரும் பிழைத்துக்கொள்கிறார்கள். முதலில் குளிர்வி, பிறகு மருத்துவமனைக்கு அனுப்பு என்பதுதான் விதி. அதனால் ஆகஸ்ட் பயிற்சியில் மைதான ஓரத்தில் பெரிய தொட்டி ஒன்று இருக்க வேண்டும், முதல் விசில் ஊதும் முன்பே அதில் தண்ணீரும் பனிக்கட்டியும் நிரம்பியிருக்க வேண்டும்.