சோதனையில் தேறிய ஆட்டோமேஷனும் அணையாத கீஸரும்

"காலை 6 மணிக்கு கீஸரைப் போடு, அரை மணி நேரம் கழித்து அணை." இப்படித் தமிழில் சொன்னாலே போதும், ஏஐ நிரல் உதவியாளர் அதற்கான ஆட்டோமேஷனை, அதாவது தானாக ஓடும் விதியை, சில நொடிகளில் எழுதிவிடும். வீட்டுச் சாதனங்களை இயக்கும் ஹோம் அசிஸ்டன்ட் இதற்கு நன்றாகவே இடம் கொடுக்கிறது. 2013-இல் பாலஸ் ஸ்கௌட்சன் தொடங்கிய இந்தத் திறமூல மென்பொருள், வீட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு கணினியிலேயே ஓடும். அதன் விதிகளை யாம்ல் என்ற வடிவத்தில் வெறும் எழுத்துக் கோப்புகளாக வைத்துக்கொள்ளலாம். எழுத்து என்றால் ஏஐக்குக் கொண்டாட்டம்தானே.

எழுதியதைச் சரிபார்க்க ஹோம் அசிஸ்டன்டிலேயே ஒரு சோதனை உண்டு. யாம்லில் வரிக்கு முன்னால் விடும் இடைவெளிக்கும் பொருள் உண்டு. அது பிசகினால் சோதனை பெரும்பாலும் பிடித்துவிடும். 22:30:00 என்ற நேரத்தை மேற்கோள் குறி இல்லாமல் எழுதினால், பழைய யாம்ல் விதிப்படி அது 60-அடிமான எண்ணாகி, மொத்த நொடிகளாக 81000 என்று மாறிவிடும். இதுவும் மாட்டிக்கொள்ளும்.

மாட்டாதவைதான் தொல்லை. உங்கள் கீஸருக்கு நீங்கள் வைத்த பெயர் ஒன்று, ஏஐ ஊகித்து எழுதிய பெயர் வேறு என்று வையுங்கள். இலக்கணம் சரியாக இருப்பதால் சோதனை தேர்ச்சி கொடுத்துவிடும். 6 மணிக்கு வெந்நீர் மட்டும் வராது. இதுகூடப் பரவாயில்லை.

மேலே சொன்ன கீஸர் விதியை ஏஐ பெரும்பாலும் எப்படி எழுதும்? போடு, 30 நிமிடம் காத்திரு, அணை. படிக்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் காத்திருப்பு நினைவகத்தில் மட்டுமே ஓடுகிறது. 6:10-க்கு மின்சாரம் போய் வந்தாலோ, அப்டேட்டுக்காக ஹோம் அசிஸ்டன்ட் மறுபடி தொடங்கினாலோ காத்திருப்பு அழிந்துபோகும். 'அணை' என்ற வரிக்கு ஆட்டோமேஷன் வந்து சேராது. மறுதொடக்கத்தின்போது ரிலே (கீஸருக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) 'ஆன்' நிலையிலேயே இருந்தால் கீஸர் ஓடிக்கொண்டே இருக்கும். உள்ளே தெர்மோஸ்டாட் இருப்பதால் தண்ணீர் ஓரளவுக்கு மேல் சூடாகாது, மின் கட்டணம்தான் ஏறும். அதே வரியை மோட்டாருக்கு எழுதியிருந்தால்?

6:30-க்கு அணைக்கத் தனியாக ஒரு விதி, ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கும்போதெல்லாம் கீஸரை அணைக்க இன்னொன்று. இவை இருந்தால் சிக்கல் தீர்ந்தது. "நடுவில் மறுதொடக்கம் ஆனால் என்ன ஆகும்?" என்று கேட்டால் ஏஐயே இதை எழுதித் தரும். கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

கோப்புகளை கிட் (Git) என்ற, மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் மென்பொருளில் வைத்துக்கொள்வது நல்லது. ஏஐ மாற்றிய வரிகள் மட்டும் தனியாகத் தெரியும், பிடிக்காவிட்டால் பழைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் கடவுச்சொற்கள் சீக்ரெட்ஸ் கோப்பில் மட்டும்தான் இருக்கின்றன என்று நினைத்துவிடாதீர்கள். புள்ளியில் தொடங்கும் 'ஸ்டோரேஜ்' என்ற மறைவான அடைவிலும் உள்நுழைவு விவரங்களும் டோக்கன்களும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாக அனுமதி தரும் குறியீடுகள்) கிடக்கின்றன. இரண்டையும் கிட்டிலிருந்து விலக்குங்கள், ஏஐ படிக்கும் இடத்திலிருந்தும் விலக்குங்கள்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும் வீட்டை ஏஐயின் கையில் நேரடியாகக் கொடுப்பது. இதற்காகப் பலர் உருவாக்கும் நீண்டகால டோக்கன் 10 ஆண்டுகள் செல்லும். அதை உருவாக்கிய பயனருக்கு உள்ள உரிமையெல்லாம் அதற்கும் உண்டு. நிர்வாகி கணக்கில் உருவாக்கினால் வீடு முழுவதும் திறந்துவிட்ட மாதிரி. எம்சிபி என்பது ஏஐயை மற்ற மென்பொருள்களோடு இணைக்கும் நெறிமுறை. 2025 தொடக்கத்தில் ஹோம் அசிஸ்டன்டில் வந்த எம்சிபி சர்வர் வசதி வழியாக இணைத்தால், குரல் உதவியாளருக்கு நீங்கள் காட்ட அனுமதித்த சாதனங்கள் மட்டுமே அந்த வழியாக ஏஐக்கு எட்டும். விளக்கு, விசிறி, ஏசி அந்தப் பட்டியலில் இருக்கட்டும். கதவுப் பூட்டை நான் சேர்க்கமாட்டேன்.