பாதிப் படம் பார்த்த குழந்தை

"இவன் அந்தப் பேய்ப்படத்தையே பார்க்கல டாக்டர். நாங்கதான் பார்த்தோம். இவன் பக்கத்துல தூங்கிட்டிருந்தான்."

குழந்தைகள் மனநல மருத்துவராக நான் அடிக்கடி கேட்கிற பேச்சு இது. அன்றைக்கு வந்தவன் இரண்டாம் வகுப்புப் பையன் (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). மூன்று வாரமாகத் தனியாகப் பாத்ரூம் போவதில்லை. அம்மா வாசலில் நிற்க வேண்டும். நின்றால் மட்டும் போதாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எப்போதோ நின்றுபோயிருந்த பழக்கம், படுக்கையை நனைப்பது, திரும்ப வந்துவிட்டது. கொண்டுபோகும் தண்ணீர் பாட்டில் பள்ளியிலிருந்து நிறைய நிறைய அப்படியே திரும்பி வந்தது. குடித்தால் அங்கே பாத்ரூம் போக வேண்டுமே என்று குடிப்பதையே விட்டிருந்தான்.

அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் பேப்பரும் கிரேயானும் கொடுத்தேன். வாஷ்பேசின் ஒன்று வரைந்தான். அதற்கு மேலே கண்ணாடி. கண்ணாடிக்குள் கறுப்பாக ஒரு கிறுக்கல்.

"இது யாரு தம்பி?"

"தெரியல. நான் கண்ண மூடிட்டேன்."

"அப்புறம்?"

"சத்தம் மட்டும் கேட்டுச்சு."

அவன் தூங்கவில்லை. போர்வை இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறான். பயம் வந்த இடத்தில் கண்ணை மூடியிருக்கிறான். மூடிய பிறகு காதில் விழுந்த அலறலுக்கு அவன் மனசே ஒரு உருவம் செய்துகொண்டது. அந்தப் படத்தின் கடைசி அரைமணி நேரத்தில் எல்லா முடிச்சும் அவிழ்ந்து, வீட்டார் நிம்மதியாக வெளியேறுகிறார்கள். பெற்றோர் அதைப் பார்த்தார்கள், டிவியை அணைத்தார்கள், படுத்தார்கள். அவனுக்கு மட்டும் அந்தப் படம் இன்னும் முடியவில்லை.

பேய்ப்படம் பார்க்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. ஆபத்தில்லாத இடத்தில் உட்கார்ந்து பயந்து பார்ப்பதில் பெரியவர்களுக்கு ஒரு சுகம் உண்டு. ஆனால் தியேட்டரில் பேய்ப்படத்தைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. வீட்டை விட்டுக் கிளம்பிப் போவோம். இடைவேளையில் விளக்கு எரியும், பக்கத்துச் சீட்டில் யாராவது சிரிப்பார்கள். படம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்து, பரோட்டா சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புவதற்குள் பாதிப் பயம் கரைந்திருக்கும். பேய் தியேட்டரிலேயே தங்கிவிடும். ஓடிடியில் அந்த வேலி இல்லை. குழந்தை படிக்கிற, சாப்பிடுகிற, பாய் விரித்துத் தூங்குகிற அதே ஹாலில் டியூப்லைட்டை அணைத்துவிட்டுப் படம் ஓடுகிறது. திரையில் காட்டுவதும் ஒரு வீடுதான்: கட்டிலுக்கு அடி, பாதி திறந்த பீரோ, இருட்டான நடைவழி. படம் முடிந்ததும் குழந்தை நடந்துபோக வேண்டியதும் அதே மாதிரி நடைதான். பயம் படத்தின் மேல் ஒட்டாமல் வீட்டின் மேல் ஒட்டிக்கொள்கிறது.

சத்தத்தைப் பற்றிப் பெற்றோர் யோசிப்பதே இல்லை. கண்ணுக்கு இமை இருக்கிறது, காதுக்கு இல்லை. இந்தப் படங்கள் வேண்டுமென்றே நம்மை அமைதிக்குப் பழக்கிவிட்டுத் திடீரென்று அலறும். அந்தத் திடுக்கிடல் யோசனைக்கு முன்னால் நடந்து முடிந்துவிடும். மூளையின் அடியிலிருக்கும் அமிக்டலா எச்சரிக்க, அட்ரினலின் சுரக்க, நெஞ்சு படபடக்கும். "அட, படம்தானே" என்று அதை அடக்குவது மூளையின் முன்பகுதியின் வேலை. குழந்தைகளுக்கு அந்தப் பகுதி முதிர இன்னும் பல வருடம் ஆகும். ஆகவே பக்கத்து அறையில் படுக்க வைத்திருக்கிறோம் என்பது முழுப் பாதுகாப்பாகாது. உருவமே இல்லாமல் சுவர் தாண்டி வரும் அலறல் சில குழந்தைகளுக்கு உருவத்தைவிட மோசம். ஹெட்போன் மாட்டிக்கொள்ளுங்கள். திடீரென்று குழந்தை எழுந்து வந்து நின்றால், கண்ணைப் பொத்துவதைவிட ரிமோட்டில் மியூட்டை அழுத்துவது முக்கியம்.

வயதுக்கு வயது பயம் வேறு. மூன்று, நான்கு வயதில் முகம்தான் பயம். கோரமான முகமுள்ள ஒருவர் கதையில் நல்லவராக இருந்தாலும் பயம் போகாது. அவர்களிடம் விளக்கம் சொல்லிப் பயனில்லை, மடியில் தூக்கி வைத்துக்கொள்வதுதான் வைத்தியம். ஏழெட்டு வயதுக்கு மேல் கேள்வி மாறுகிறது: "இது நம்ம வீட்டுல நடக்குமா?" இந்த வயதுக்குத்தான் 'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்ற ஒரு வரி பெரிய கெடுதல் செய்கிறது.

இதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி தொலைக்காட்சி 'கோஸ்ட்வாட்ச்' என்ற நாடகத்தை ஒளிபரப்பியது. பேய் இருப்பதாகச் சொல்லப்பட்ட ஒரு வீட்டிலிருந்து நேரலை செய்வதுபோலவே அமைத்து, மக்களுக்குப் பழகிய தொகுப்பாளர்களையே நடிக்க வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து மனதளவில் பாதிக்கப்பட்ட இரண்டு 10 வயதுச் சிறுவர்களைப் பற்றி 1994இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் மருத்துவர்கள் எழுதினார்கள். பிள்ளைகளை அவ்வளவு தூரம் பாதித்தது வெறும் ரத்தமோ கோரமோ இல்லை, நிஜம் என்ற நம்பிக்கை.

நம் நாட்டில் 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள்படி ஓடிடி படங்களுக்கு யு, யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+, ஏ என்று வயது குறிக்க வேண்டும். 13+இலிருந்து மேலே உள்ளவற்றுக்குப் பெற்றோர் பூட்டு வசதியும் தர வேண்டும். பூட்டு இருக்கிறது, பூட்டியிருக்கிறோமா என்பதுதான் கேள்வி. என்னிடம் வருகிற பெரும்பாலான வீடுகளில் அப்பாவின் ப்ரொஃபைல் ஒன்றுதான், அதில்தான் பிள்ளை கார்ட்டூனும் பார்க்கிறது. நேற்று ராத்திரி நீங்கள் பார்த்த பேய்ப்படத்தை வைத்து இன்று காலை ஓடிடி அதே மாதிரி நாலு படத்தின் போஸ்டரைத் திரை முழுக்கக் காட்டும். பிள்ளைக்குத் தனி ப்ரொஃபைல் போடுங்கள். உங்கள் ப்ரொஃபைலைத் திறக்க ஒரு ரகசிய எண் (PIN) வையுங்கள். நெட்ஃபிளிக்ஸில் 4 இலக்கம், பிரைம் வீடியோவில் 5. நெட்ஃபிளிக்ஸில் முன்னோட்டம் தானாக ஓடுவதையும் நிறுத்தலாம். பத்து நிமிட வேலை, இன்றைக்கே செய்துவிடுங்கள்.

தூக்கத்தில் அலறினால் எந்த நேரத்தில் என்று கவனியுங்கள். படுத்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் எழுந்து உட்கார்ந்து அலறி, உங்களையே அடையாளம் தெரியாமல் விழித்து, காலையில் எதுவும் நினைவில்லை என்றால் அது ஆழ்ந்த தூக்கத்தில் வருகிற இரவு அலறல். உலுக்கி எழுப்பாதீர்கள், கீழே விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். விடியற்காலையில் விழித்து, கண்டதைக் கோர்வையாகச் சொல்லி அழுதால் அது கெட்ட கனவு. அணைத்துக்கொண்டு பேசுங்கள். நடுராத்திரி வரை போனில் பேய்ப்படம் பார்க்கும் கல்லூரிப் பிள்ளைகள் சிலர், "அமுக்குவான் வந்து நெஞ்சுமேல உட்கார்ந்துட்டான்" என்று வருவதுண்டு. மனம் விழித்தும் உடம்பு விழிக்காத சில நொடிகள் அவை. தூக்கம் கெட்டால் அடிக்கடி வரும், தூக்கம் சீரானால் குறையும்.

பயந்த குழந்தைக்குத் திருநீறு பூசுவதையும் தர்காவில் ஓதிவிட்டு வருவதையும் நான் தடுப்பதில்லை. பெரியவர்களின் கை தலையில் படுவது ஆறுதல்தான். ஆனால் "பேய் போயிடுச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள். போனது என்றால் இருந்தது என்றுதானே அர்த்தம்? போனது திரும்பியும் வருமே. "இவ்வளவு பெரிய பையன் பயப்படுறியே" என்று சொந்தக்காரர்கள் முன்னால் கேலி செய்வது அதைவிடக் கெடுதல். பயம் போகாது, சொல்வது மட்டும் நின்றுவிடும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பேய்ப்பயம் என்று வருகிற எல்லாக் குழந்தைக்கும் படம் காரணமில்லை. ஒரு குறிப்பிட்ட ஆளிடம், ஒரு குறிப்பிட்ட வீட்டுக்குப் போக மட்டும் பயந்தால், படத்தின் மேல் பழி போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். தனியாக, அவசரப்படாமல் கேளுங்கள். படத்தால் வந்த பயம் பெரும்பாலும் சில நாளில் தணிந்துவிடும். வாரக்கணக்கில் நீடித்து, தூக்கமோ சாப்பாடோ பள்ளியோ கெட்டால் மருத்துவரைப் பாருங்கள்.

அந்தப் பையனுக்கு மருந்து எதுவும் தரவில்லை. முதலில் படத்தின் முடிவை அம்மாவைச் சொல்லச் சொன்னேன். இரண்டாவது முறை வந்தபோது, பகல் வெளிச்சத்தில், அவன் சரி என்று சொன்ன பிறகு, அந்தக் கண்ணாடிக் காட்சியைச் சத்தமில்லாமல் போனில் ஓட்டினோம். நிறுத்தும் பொத்தான் அவன் விரலில். மூன்று தடவை நிறுத்தினான், நான்காவது தடவை முழுதாகப் பார்த்தான். பார்த்துவிட்டு, "இந்த ஆன்ட்டி மேக்கப்போடயா வீட்டுக்குப் போவாங்க?" என்று கேட்டான். கழுவுவதற்கே நேரமாகும் என்றேன். அதைக் கொஞ்ச நேரம் யோசித்தான்.

பிறகு வீட்டில் படிப்படியாக. அம்மா பாத்ரூம் வாசலில் நிற்பது, அப்புறம் நடையில், அப்புறம் அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பது. ஒவ்வொரு படியிலும் நாலைந்து நாள், அவசரமில்லாமல். அடுப்படிப் படியில் ஒரு வாரம் நின்றுவிட்டான். அம்மாவும் பொறுமையாகக் குரல் கொடுத்துக்கொண்டே தோசை வார்த்திருக்கிறார்.

போன வாரம் வந்தபோது பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். காலியாக இருந்தது.