கோடெக்: படம் ஓடுகிறது, சத்தம் ஏன் வரவில்லை?

போனில் ஒரு படத்தைத் திறக்கிறீர்கள். காட்சி ஓடுகிறது, வசனம் மட்டும் காதில் விழவில்லை. 'இ.ஏ.சி.3 ஒலி வடிவத்துக்கு ஆதரவு இல்லை' என்று திரையில் ஒரு வரி வந்து மறைகிறது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிட வேண்டாம். அந்த ஒலிக்கு உரிய கோடெக், அதாவது சுருக்கி எழுதிய ஒலியை மறுபடி ஒலியாக்கும் நிரல், நீங்கள் படம் பார்க்கும் செயலியிடம் இல்லை, அவ்வளவுதான். இ.ஏ.சி.3 டால்பி என்ற ஒலித்தொழில்நுட்ப நிறுவனத்தின் வடிவம். உரிமக் கட்டணம் காரணமாகச் சில செயலிகள் அதைச் சேர்ப்பதில்லை. அதே ஃபைலை வி.எல்.சி. என்ற பிளேயரில் திறந்தால் பெரும்பாலும் சத்தம் வந்துவிடும், ஏனென்றால் அது தன் கோடெக்குகளைத் தன்னோடே கொண்டுவருகிறது.

கோடர், டீகோடர் என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களை வெட்டி ஒட்டிப் பிறந்தது கோடெக். மோடமும் இப்படிப் பிறந்ததுதான். (கோடக் என்று எழுதினால் அது கேமரா நிறுவனம்.) தொலைபேசித் துறையில் பேச்சை எண்களாக்கி அனுப்பி, மறுமுனையில் எண்களைப் பேச்சாக்கும் கருவிக்கு இந்தப் பெயர் வழங்கியது. 1972-ல் வந்த ஜி.711 தரம் குரலை நொடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுகிறது. இன்று நம் போனில் கோடெக் என்றால் பெரும்பாலும் மென்பொருள்தான்.

வீடியோவில் வேலை இன்னும் பெரிது. வீடியோ என்பது அடுத்தடுத்து ஓடும் தனிப் படங்கள், அதாவது ஃபிரேம்கள். 1920×1080 புள்ளிகள் உள்ள ஒரு ஃபிரேமைச் சுருக்காமல் வைத்தால் சுமார் 6 மெகாபைட். நொடிக்கு 24 ஃபிரேம் என்றால் இரண்டரை மணி நேரப் படம் 1.3 டெராபைட்டைத் தாண்டும். அதை ஒன்றிரண்டு ஜிபிக்குள் கொண்டுவருவது கோடெக்தான். ஒருவர் சுவர் முன் நின்று பேசும் காட்சியில் சுவர் மாறுவதில்லை. அதை ஒருமுறை எழுதிவிட்டு, அப்புறம் உதடும் கையும் அசைவதை மட்டும் எழுதிக்கொண்டே போகிறது. 2003-ன் ஹெச்.264, 2013-ன் ஹெச்.இ.வி.சி., 2018-ன் ஏ.வி.1 ஆகிய வீடியோ கோடெக்குகள் எல்லாம் இந்த வேலையை மேலும் மேலும் சிக்கனமாகச் செய்ய வந்தவை.

எம்.கே.வி., எம்.பி.4 ஆகியவை கோடெக் அல்ல. காட்சி, ஒலி, சப்டைட்டில் மூன்றையும் சேர்த்து வைக்கும் உறைகள் அவை. ஃபைல் பெயரின் வாலைப் பார்த்து உள்ளே எந்தக் கோடெக் என்று உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மறையாக்கி' என்று சொல்லத் தோன்றலாம். அது பொருந்தாது. மறையாக்கம் என்பது பிறர் படிக்காமல் பூட்டிவைப்பது. கோடெக் எதையும் ஒளிப்பதில்லை. 'குறி' என்பதே சரியான வேர். காதலைப் பேசும் அகப்பொருள் இலக்கணத்தில், தலைவனும் தலைவியும் சந்திக்கக் குறித்துக்கொள்ளும் இரவுக்குறி, பகற்குறி உண்டு. தலைவன் தருவதாகப் பேசிவைத்த ஒலி வேறெதனாலோ எழ, அதை அவன் தந்ததாகவே எண்ணித் தலைவி வந்து ஏமாந்து திரும்புவது 'அல்லகுறி'. இரு தரப்பும் முன்பே ஒப்புக்கொண்ட அடையாளம், அதைச் சரியாகப் புரிந்துகொள்ளுதல் என்ற இரண்டும் நம் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கின்றன.

ஆகவே போன் கேமரா வீடியோ எடுக்கும்போது வேலை செய்வது குறியாக்கி (கோடர்), பிளேயரில் வேலை செய்வது குறிவிலக்கி (டீகோடர்). சில பிளேயர்களில் தெரியும் ஹெச்.டபிள்யூ., எஸ்.டபிள்யூ. பொத்தான்களை வன்பொருள் குறிவிலக்கி, மென்பொருள் குறிவிலக்கி என்று எழுதினால் பொருள் தெளிவாக விளங்கும். முன்னது அதற்கென்றே உள்ள சுற்றைப் பயன்படுத்துவதால் பேட்டரி மிச்சம். படம் திக்கினாலோ பச்சையாகத் தெரிந்தாலோ பின்னதற்கு மாற்றிப் பார்க்கலாம். ஆக்கல், விலக்கல் இரண்டையும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டிய இடத்தில் 'கோடெக்' என்றே இருக்கட்டும். இதற்கெனப் புதுச் சொல் கட்டும் அவசரம் எனக்கில்லை.