ஆன்டிபயாடிக்: சொல் விளக்கம்

தொண்டை வலித்தால் பலர் முதலில் தேடுவது ஆன்டிபயாடிக். கிரேக்கத்தில் 'ஆன்டி' என்றால் எதிர், 'பயோஸ்' என்றால் உயிர். ஓர் உயிர் இன்னோர் உயிரை அழித்துத் தான் பிழைப்பதை 1889-இல் பிரெஞ்சு அறிவியலாளர் பால் வுயிமன் 'ஆன்டிபயோசிஸ்' என்றார். 1940களின் தொடக்கத்தில் அமெரிக்க நுண்ணுயிரியலாளர் செல்மன் வாக்ஸ்மன், நுண்ணுயிர்கள் சுரந்து பிற நுண்ணுயிர்களை ஒடுக்கும் பொருள்களை 'ஆன்டிபயாடிக்' என்று அழைத்தார். பெனிசிலினும் ஒரு பூஞ்சை சுரப்பதுதான்.

தமிழில் 'நுண்ணுயிர் எதிர்ப்பி' நிலைத்துவிட்டது. சரி, நல்ல சொல்தான். ஆனால் வைரஸையும் நுண்ணுயிர்க் கணக்கில் சேர்த்தே பேசுவதால், ஜலதோஷத்துக்கும் இந்த மாத்திரை கேட்கும் என்று தோன்றிவிடுகிறது. கேட்காது. பெனிசிலின், பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். வைரஸுக்குச் செல்சுவரே கிடையாது. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதனால் 'பாக்டீரியா எதிர்ப்பி' என்பதே எனக்குத் துல்லியமாகப் படுகிறது.

பெரிய குழப்பம், கிருமி மருந்துக்கு அடங்காமல் போவதைச் சொல்லும் 'ரெசிஸ்டன்ஸ்' என்ற சொல்லில். அதையும் 'எதிர்ப்பு' என்றே எழுதுகிறோம். உடம்புக்கு நோய் எதிர்ப்பு, மாத்திரைக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு, கிருமிக்கு மருந்து எதிர்ப்பு! படிப்பவர், "என் உடம்புக்கு அந்த மாத்திரை பழகிப்போச்சு" என்று புரிந்துகொள்கிறார். மாறியது உடம்பு அல்ல, கிருமி. மருந்துக்குத் தப்பிய பாக்டீரியா பெருகுகிறது. தப்பிக்கும் மரபணுவை அக்கம்பக்கத்து பாக்டீரியாவுக்கும் கடத்துகிறது. தேவையில்லாமல் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையும் இதற்கு வாய்ப்பு. எனவே யாருடைய எதிர்ப்பு என்பது தெரியும்படி 'கிருமியின் மருந்தெதிர்ப்பு' என்று எழுதுவோம்.

அடிக்கடி தொண்டை அழற்சி வருபவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியம். தொண்டையைத் தாக்கும் பாக்டீரியாக்களில் முதன்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ் இன்றும் பெனிசிலினுக்குக் கட்டுப்படுகிறது. அசித்ரோமைசின் என்ற இன்னோர் ஆன்டிபயாடிக்குக்குப் பல இடங்களில் அடங்குவதில்லை. மருந்து கேட்கவில்லை என்றால் மருந்தெதிர்ப்புதான் காரணம் என்றும் சொல்லிவிட முடியாது, வந்தது வைரஸாகவே இருக்கலாம். ஆய்வகத்தில் தொண்டையைப் பஞ்சுக்குச்சியால் தொட்டெடுத்து, கிருமியைத் தட்டில் வளர்த்து, மேலே மருந்து வில்லைகளை வைப்பார்கள். மருந்துக்கு அடங்கும் கிருமி என்றால் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத அகலமான வட்டம் தெரியும். அடங்காத கிருமி வில்லையின் ஓரம்வரை படர்ந்திருக்கும். சோதனை அறிக்கையில் மருந்தின் பெயருக்கு நேரே 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கிருமியின் மருந்தெதிர்ப்பு என்று பொருள். 'எஸ்' இருந்தால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும் என்று பொருள்.