ஃபேன் சுற்றினால் பவர் சரி என்று யார் சொன்னது?

மறுபடியும் ஒரு "டெட் போர்டு", அதாவது செத்துவிட்டதாகச் சொல்லப்படும் கம்ப்யூட்டர் மதர்போர்டு, என் மேஜைக்கு வந்தது. கூடவே, அதற்குப் பதிலாக வாங்கிய புது மதர்போர்டும். அதிலும் டிஸ்ப்ளே வரவில்லையாம். பார்த்தால் பழைய போர்டில் ஒரு கோளாறும் இல்லை, போயிருந்தது எஸ்எம்பிஎஸ், அதாவது கம்ப்யூட்டரின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. புது போர்டில்தான் இப்போது நிஜமான கோளாறு: ப்ராசஸரை மாற்றிப் பொருத்தும்போது சாக்கெட்டில் பின்கள் வளைந்துவிட்டன. நன்றாக இருந்ததைக் கழற்றிப் போட்டுவிட்டு, புதிதாக வாங்கியதையும் கெடுத்துக்கொண்டு வருபவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றேதான்: "ஃபேன் எல்லாம் சுத்துது சார், பவர் வருது. அப்போ போர்டுதானே போயிருக்கணும்?"

இல்லை. ஃபேன் சுற்றினால் ஃபேன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான்.

எஸ்எம்பிஎஸ் போர்டுக்குக் கொடுப்பது ஒரே ஒரு வோல்டேஜ் அல்ல. 12, 5, 3.3 வோல்ட் என்று தனித்தனியாகக் கொடுக்கிறது. இதில் ஃபேனுக்குத் தேவை 12 மட்டும். அதுவும் 9 வோல்ட்டுக்கு இறங்கினால்கூட ஃபேன் கொஞ்சம் மெதுவாகச் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். போர்டு அப்படியெல்லாம் விட்டுக்கொடுக்காது. 12 என்றால் 11.4க்கும் 12.6க்கும் நடுவில் இருக்க வேண்டும், 5 என்றால் 4.75க்கும் 5.25க்கும் நடுவில். எல்லாம் சரியான அளவுக்கு வந்த பிறகே எஸ்எம்பிஎஸ் சாம்பல் நிறக் கம்பியில் "பவர் குட்" சிக்னல் அனுப்பும். அது வரும்வரை ப்ராசஸர் வேலையைத் தொடங்காமல் ரீசெட்டிலேயே நிற்கும். ஃபேன் பாட்டுக்குச் சுற்றும், விளக்குகள் பாட்டுக்கு மின்னும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். கல்யாண வீட்டில் சீரியல் விளக்கு எரிகிறது என்பதற்காகச் சமையல் முடிந்துவிட்டது என்று இலை போட்டு உட்கார முடியுமா?

போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிகிறது என்பதும் இதே கதைதான். ஸ்டான்ட்பை 5 வோல்ட், அதாவது கம்ப்யூட்டர் ஆஃபில் இருக்கும்போதும் வரும் மின்சாரம், வருகிறது என்று மட்டும் அது சொல்கிறது. எஸ்எம்பிஎஸ்ஸை ஆன் செய்யும் பச்சைக் கம்பியைக் கறுப்புக் கம்பியோடு இணைத்து அதைத் தனியாக ஓட்டிப் பார்த்தேன் என்பார்கள் இன்னும் சிலர். சுமை ஏதும் இல்லாமல் ஓடுவது பெரிய விஷயமில்லை. சுமை ஏறும்போது 12 எவ்வளவுக்கு இறங்குகிறது என்பதுதான் கேள்வி. மல்டிமீட்டர் இருந்தால் போர்டில் செருகிய நிலையிலேயே அளந்து பாருங்கள். இல்லையென்றால், நன்றாக ஓடும் இன்னொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரவல் வாங்கி மாட்டிப் பாருங்கள். மாட்டும்போது அதற்குரிய கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். மாடுலர் கேபிள்கள் (எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து கழற்றக்கூடியவை) போர்டு பக்கம் ஒரே மாதிரி இருந்தாலும், எஸ்எம்பிஎஸ் பக்கம் கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் மாடலுக்கு மாடல் மாறும். மாற்றிச் செருகி ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து எரித்தவர்கள் உண்டு.

புதிதாக அசெம்பிள் செய்தவர்கள் முதலில் ப்ராசஸர் பக்கத்தில் இருக்கும் 8 பின் கனெக்டரைப் பாருங்கள். ப்ராசஸருக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. அதைச் செருகாமல் விட்டாலும் பல போர்டுகளில் ஃபேன் சுற்றும்! அதற்காக கிராபிக்ஸ் கார்டின் 8 பின் கேபிளை அதில் திணிக்காதீர்கள். இரண்டிலும் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும்.

அப்புறம் ராம், அதாவது மெமரி. போர்டில் இருக்கும் ராம்களை எல்லாம் கழற்றிவிட்டு, ஒன்றை மட்டும் மேனுவல் சொல்லும் ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் இருந்தால் பெரும்பாலும் ப்ராசஸரிலிருந்து இரண்டாவது. தங்க நிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைக்கலாம், உப்புத்தாள் கொண்டு தேய்க்க வேண்டாம் (தேய்த்திருக்கிறார்கள்). டிடிஆர்5 வகை ராம் என்றால் பொறுமை வேண்டும். முதல்முறை ஆன் செய்ததும் மெமரி ட்ரெயினிங் (போர்டு ராமுக்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வது) நடக்கும், சில நிமிடங்கள்கூடத் திரை கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் அவசரப்பட்டு ஆஃப் செய்து ஆன் செய்தால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது? கிராபிக்ஸ் கார்டு இருந்தால் அதில். இன்டெல்லில் பெயர் 'எஃப்' என்று முடியும் ப்ராசஸர்களில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் ஒன்றும் வராது. பயாஸை (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ரீசெட் செய்வதென்றால் முதலில் பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, அதற்காகப் போர்டில் இருக்கும் ஜம்பர் பின்களைத் தொடுங்கள். போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிமாஸ் பேட்டரியை மாற்றினால் எல்லாம் சரியாகும் என்ற நம்பிக்கை ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது என்று எனக்குப் புரிவதில்லை. அது தீர்ந்தால் பெரும்பாலும் தேதியும் நேரமும் செட்டிங்கும்தான் போகும்.

இவ்வளவுக்கும் பிறகு ஓடவில்லையா? போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டியின் மேல் வைத்து ஓட்டுங்கள். ப்ராசஸர், கூலர், ஒரு ராம், எஸ்எம்பிஎஸ், திரைக்குத் தேவையென்றால் கிராபிக்ஸ் கார்டு, வேறெதுவும் வேண்டாம். பவர் ஸ்விட்ச் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் ஒரு நொடி தொட்டால் ஸ்டார்ட் ஆகும். வெளியே ஓடி உள்ளே ஓடவில்லை என்றால், கேபினெட்டில் தேவையில்லாத இடத்தில் ஒரு ஸ்டான்ட்ஆஃப் (போர்டைத் தாங்கும் உலோகத் திருகுக் கால்) போர்டின் அடியில் முட்டிக்கொண்டிருக்கலாம். முன்பக்க ஸ்விட்சே பழுதாகி இருக்கலாம்.

போர்டை ஓவனில் வைக்காதீர்கள், ஹேர் டிரையரால் சூடேற்றாதீர்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறக்கவே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். இதில் கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை, உத்தரவு என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கெஞ்ச வேண்டியது வேறொன்று. ப்ராசஸரைக் கடைசிவரை கழற்றாதீர்கள். இன்டெல்லின் எல்ஜிஏ 1700 சாக்கெட்டில் 1700 பின்கள், ஒவ்வொன்றும் தலைமுடி மாதிரி. அவற்றில் ஒன்றை நிமிர்த்துவதற்குள் கண் போய்விடுகிறது. போர்டை எடுத்துவர வேண்டியிருந்தால் ப்ராசஸரோடு அப்படியே கொண்டு வாருங்கள். கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், சாக்கெட்டின் மேல் வந்த பிளாஸ்டிக் மூடியைத் திரும்ப மாட்டிக் கொண்டு வாருங்கள். அந்த மூடியைக் குப்பையில் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.